சிஸ்டர் அத்தையோடு கோடியக்கரை வரை

தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஆம்னி வேனில் போனவர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. சீட்டுக்கு அடியில் எலுமிச்சைச் சாதத் தூக்கு, காலிடுக்கில் தண்ணீர்க் கூஜா, வாந்தி வந்தால் பிடிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினால் நமக்குக் காற்று வரும், பின்னால் இருப்பவருக்கு அடைபடும். அதற்காகவே செங்கல்பட்டு வரை சண்டை நடக்கும். நாம் எல்லோரும் இன்று காதோர நரைக்குச் சாயம் பூசலாமா, விட்டுவிடலாமா என்று கண்ணாடி முன் நின்று யோசிக்கிற வயதுக்கு வந்துவிட்டோம். அதே சாலையில் நம் பிள்ளைகளை ஏசி காரில் ஏற்றி, செல்போன் காட்டும் வழியில் நேராகப் போய் இறங்கிவிடுகிறோம். நான் சொல்ல வந்தது நேராகப் போய் இறங்காத ஒரு பயணத்தைப் பற்றி.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். சுனாமி என்ற சொல் நமக்கெல்லாம் தெரியாத காலம். நான் ஏழாவது முடித்திருந்தேன். தங்கைக்கு ஐந்து வயது. எங்கள் வீடு சேலையூரில். அப்பா பள்ளியில் கணக்கு வாத்தியார், அம்மாவுக்குத் தபால் ஆபீஸில் வேலை. அந்தக் கோடையில்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்.

அத்தை கன்னியாஸ்திரி. அப்பாவுக்கு ஒரே தங்கை. ஜார்க்கண்ட் பக்கம் ஒரு மலையடிவாரத்தில், சபை நடத்தும் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தார். நாங்கள் அவரை வெறுமனே அத்தை என்று கூப்பிட்டால் கோயிலில் பெரியவர்கள் முறைப்பார்கள். சிஸ்டர் என்று கூப்பிட்டால் தங்கைக்குப் பிடிக்காது. ஆகவே சிஸ்டர் அத்தை என்று ஆயிற்று. சாம்பல் நிறப் புடவை, தலையை மூடிய முக்காடு, கழுத்தில் சின்ன மரச் சிலுவை. அந்த முக்காட்டுக்கு அடியில் முடி இருக்கிறதா இல்லையா என்பது எனக்கும் தங்கைக்கும் நடுவில் தீராத வழக்கு.

வழக்கமாக அத்தை வந்தால் பத்து நாளில் திரும்பிவிடுவார். அந்த முறை வாரக்கணக்கில் தங்கினார். அதோடு, சிஸ்டர்கள் செய்யாத காரியங்களையெல்லாம் செய்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு எங்கள் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய்வருவார். பால்காரர் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர் கடந்து போகும் வரை காத்திருப்பார். வாரத்தில் சில நாள் பஸ் பிடித்து நகரத்துக்குப் போவார். கேட்டால், ஒரு பாஷை கற்றுக்கொள்கிறேன் என்பார். பாத்திரம் கழுவும்போது மூக்கால் பேசுவதுபோல் ஏதோ முணுமுணுப்பார். தங்கையும் அதைக் கேட்டுக்கேட்டு, பூனையைப் பார்த்து 'போன்ஷூர்' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

கோயிலில் பெண்கள் பேசிக்கொண்டது எங்கள் காதிலும் விழுந்தது. சிஸ்டர் சபையை விட்டு வெளியே வரப்போகிறார்களாம். அதற்குத்தான் வண்டி ஓட்டப் பழகுகிறார்களாம், வேலைக்குப் போக இங்கிலீஷ் கிளாஸ் போகிறார்களாம். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அத்தையின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார், ஏதோ கணக்கின் விடையை நோட்டைத் திருப்பாமலே தெரிந்துகொள்ளப் பார்ப்பவரைப்போல. அப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தேன். குடும்ப மானம் போய்விடுமென்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் பெரியவர்களின் மௌனத்துக்கு வேறு அர்த்தம் தெரியாது.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தங்கைக்கு டைபாய்டு வந்து தேறியிருந்தது. வேளாங்கண்ணியில் மொட்டை போடுவதாக அம்மாவுக்கு ஒரு நேர்த்தி. லீவு முடிவதற்குள் போய்வந்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். வண்டிக்கு, எங்கள் தெருக்கோடியில் இருந்த வேன்கார அண்ணனிடம் சொல்லப்பட்டது. அண்ணன் முஸ்லிம். கல்யாண வீடு, சாவு வீடு, மாதா கோயில், திருப்பதி என்று எல்லாவற்றுக்கும் நம் பக்கத்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போனவர். எப்போதும் சிரித்த முகம். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

அத்தை ஒன்றே ஒன்று கேட்டார். போகிற வழியில் கடலும் காடும் எங்கெங்கே இருக்கிறதோ, அங்கெல்லாம் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் அப்பாவும் அத்தையும். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும், ஒரு தடவை மெரினாவில் சுண்டல் தின்றதோடு சரி, கடலை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்றார் அத்தை. நாம் கோயிலுக்குப் போகிறோம், பிக்னிக் போகவில்லை என்றார் அப்பா. சாயங்காலப் பூசைக்கு அங்கே இருந்தாக வேண்டும் என்றும், எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்றும் வாய்ப்பாடுபோல் ஒப்பித்தார். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நிறுத்த மாட்டேன் என்று அப்பா எங்கேயும் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

விடியும் முன்பே கிளம்பினோம். முதல் குழப்பம் வாசலிலேயே. முன் சீட்டு எப்போதும் அப்பாவுக்குத்தான். அத்தை போய்க் கதவைத் திறந்து அதில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு எங்களோடு பின்னால் ஏறினார். அவர் கழுத்தில் கேமரா. பிலிம் சுருள் போட்டு எடுக்கிற கேமரா. ஒவ்வொரு படமும் யோசித்துத்தான் எடுப்பார். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் பயணத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. சுருள் பல்சக்கரத்தில் மாட்டாமல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது என்று பின்னால் ஸ்டுடியோக்காரர் சொன்னார். நாங்கள் எல்லாம் எத்தனை தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

வண்டலூரில் திரும்பி, மிருகக்காட்சி சாலையைத் தாண்டும் இடத்தில் அண்ணன் இன்ஜினை அணைத்தார். சத்தம் போடாதீங்க என்று சைகை காட்டினார். ஒரு பக்கம் காடு, இன்னும் இருட்டு. இலை வாசனையோடு குளிர்ந்த காற்று. தூரத்தில் பெரிய மேஜையைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு சத்தம். சிங்கம். தங்கை அம்மாவின் மடிக்குள் போய்விட்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடியும் கேட்குமா என்று காத்திருந்தோம். அப்பா தொண்டையைக் கனைத்தார். சிங்கம் கனைக்கவில்லை. வண்டி கிளம்பியது.

கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் ஈ.சி.ஆரைப் பிடித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அந்தச் சாலையைப் புதிதாக அகலப்படுத்தியிருந்தார்கள். இன்றுபோல் மதில்களும் ரிசார்ட் பலகைகளும் கடலை மறைக்காத நாட்கள். சவுக்குத் தோப்பின் நடுவே திடீர் திடீரென்று ஒரு நீலத்துண்டு தெரியும். ஒவ்வொன்றுக்கும் அத்தை, அதோ, அதோ என்பார். மாமல்லபுரம் தாண்டி ஒரு தோப்போரம் நிறுத்தச் சொல்லி, அண்ணன் பிரேக் போடுவதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார்.

சவுக்குத் தோப்புக்குள் நடந்திருக்கிறீர்களா? தரையெல்லாம் ஊசி ஊசியாகச் சருகு, பாய் விரித்ததுபோல். காற்று மேலே மட்டும் ஓடும். அது மரத்தின் சத்தமா கடலின் சத்தமா என்று பிரிக்க முடியாது. தோப்பு முடிந்ததும் மணல், மணல் முடிந்ததும் கடல். ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு கட்டுமரம் கவிழ்ந்து கிடந்தது. அத்தை அதன்மேல் உட்கார்ந்து, அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செபம் சொல்கிறார் என்று நினைத்து அம்மா எங்களை அடக்கினாள். அருகில் போய்ப் பார்த்தால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கட்டிவைத்திருந்த பொட்டலத்தை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை.

மரக்காணத்தில் உப்பளம். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் வானம். ஓரங்களில் குவித்து வைத்த உப்பு, வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அப்பா, இங்கே இறங்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அண்ணன் திரும்பிப் பார்த்து, "மாதா கோயிலு எங்கியும் ஓடிப் பூடாது சார். சிஸ்டர் ஆசையா கேக்கறாங்க. ரெண்டு நிமிசம் வுடுங்க" என்றார். அத்தை வரப்பில் நடந்து போய், வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் ஏதோ பேசி, கைநிறைய ஈர உப்போடு வந்தார். நாங்கள் ஆளுக்கொரு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டோம். அந்தக் கல் உப்பைத் தொட்டு மாங்காய் தின்றது பாண்டிச்சேரி வரை நடந்தது. பாண்டிச்சேரியை மட்டும் அப்பா நிறுத்தாமல் தாண்ட வைத்தார். அதற்குள் அவருடைய வாய்ப்பாட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் துண்டு விழுந்திருந்தது.

சிதம்பரத்துக்கு முன்னால் பிச்சாவரம் என்று பலகை வந்தது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா, மதியச் சாப்பாட்டுக்கு எங்கேயாவது நிழல் வேண்டும்தானே என்றாள். வண்டி திரும்பியது.

படகுக்கு நான் வரவில்லை, வண்டியையும் சாமானையும் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா சொன்னார். தங்கை அவர் தோளில் தூங்கிப் போயிருந்தாள். அப்போதுதான் அத்தை வேன்கார அண்ணனை அழைத்தார். அவர் வழக்கம்போல சீட்டைச் சாய்த்துத் தூங்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"வண்டியைப் பாக்க எங்க அண்ணா இருக்கார். நீங்க வாங்க தம்பி" என்றார் அத்தை.

அவர் வெட்கப்பட்டுப் பின்னால் நகர்ந்தார். "எத்தினியோ வாட்டி இங்க வந்துகினு கீறேன் சிஸ்டர். கஸ்டமர் உள்ள போவாங்க, நான் வண்டில படுத்துப்பேன். படகுல ஏறுனு யாரும் கூப்டதில்ல."

"அதான் இப்ப கூப்பிடறேனே."

அம்மா, நான், அத்தை, அண்ணன், துடுப்புப் போடுகிற படகுக்காரர். பரந்த நீரில் கொஞ்ச தூரம் போனதும் படகு ஒரு சந்துக்குள் நுழைந்தது. தண்ணீரில் ஒரு காடு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் மரங்கள் வேரை ஊன்றி, காலை அகட்டி நிற்கிற மனிதர்கள்போல் நின்றன. கிளைகள் தலைக்குமேல் பின்னிக்கொண்டு பச்சைக் கூரையாயின. வெயில் அணைந்துபோனது. வேர்களில் செந்நிற நண்டுகள் ஏறி இறங்கின. துடுப்பின் சத்தம் மட்டும், பிறகு அதுவும் நின்றது. தண்ணீர் வற்றுகிற நேரம், படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் இருந்தால் தண்ணீர் ஏறும் என்றார் படகுக்காரர். அத்தைக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டார். அண்ணனும் குதித்தார். என்னை அம்மா பிடித்த பிடியிலிருந்து உதறிக்கொண்டு நானும் இறங்கினேன். சேறு விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஏறியது. குளிர்ச்சி, ஒரு புளித்த வாசனை. ஒருவர் தள்ளினால் ஒருவர் வழுக்கினோம். அத்தை அப்படியே உட்கார்ந்து போனார். எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். அண்ணன் தூக்கப் போய் அவரும் விழுந்தார். அம்மா படகில் இருந்தபடி, சேசுவே சேசுவே என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

கரைக்கு வந்தபோது சாயங்காலம் ஆகத் தொடங்கியிருந்தது. அப்பா படித்துறையில் நின்றுகொண்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"சிஸ்டர், உங்களுக்கு இதெல்லாம் நல்லா இருக்கா? நாலு பேர் பாக்கற இடம்" என்றார்.

மற்றவர்கள் முன்னால் அவர் தன் தங்கையைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அன்று அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில் அத்தையின் சிரிப்பு நின்றது. மன்னிச்சிடுங்க என்று மெல்லச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். குழாயில் கழுவியும் போகாத சேறு அவர் கணுக்காலில் காய்ந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. தரங்கம்பாடிக் கோட்டை வந்தபோது நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அண்ணன் தானாகவே வேகத்தைக் குறைத்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

நாகூரில் தர்காவின் விளக்குகள் தெரிந்தபோது அண்ணன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். அப்போது அப்பா பேசினார். "நிறுத்துப்பா. போய் ஓதிட்டு வா. பூசை எப்படியும் முடிஞ்சிருக்கும்." அண்ணன் நம்பாமல் கண்ணாடியில் பார்த்தார். போய்விட்டு வரும்போது ஒரு பொட்டலம் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். அப்பா ஒன்றை எடுத்து அத்தையிடம் நீட்டினார். அதுதான் அவர்களுக்குள் சமாதானம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து மொட்டை. முடி இறக்கும் இடத்தில் தங்கை போட்ட கூச்சல் கடல் வரை கேட்டிருக்கும். முதல் வழிப்பு இறங்கியதும் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக அலறினாள். கத்தி படப் போகிறதென்று நாவிதர் கையை எடுத்துவிட்டார். அம்மா கெஞ்சினாள், அப்பா அதட்டினார். பாதித் தலையோடு அவள் எழுந்து ஓடத் தயாரானபோது, அத்தை அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பி, முக்காட்டைக் கழற்றினார்.

எனக்கு அந்தக் காட்சி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பையன்களுக்கு வெட்டுவதுபோல் ஒட்ட வெட்டிய முடி. முன்பக்கம் நரை, பின்னால் கறுப்பு. காதுகள் கொஞ்சம் பெரியவை. முக்காடு இல்லாமல் அத்தை அச்சாக அப்பாவைப்போல் இருந்தார்.

"தொட்டுப் பாரு. எனக்கும் இல்ல. வெயில்ல எவ்வளவு ஜில்லுனு இருக்கும் தெரியுமா?" என்றார்.

தங்கை தொட்டாள். இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்து, மீதியைச் சத்தமில்லாமல் கொடுத்தாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வெளியே வந்தபோது, சிஸ்டர் அத்தைக்கும் எனக்கும் ஒரே மாதிரி என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் வழக்கும் அத்தோடு தீர்ந்தது.

நேர்த்தி முடிந்ததும் அப்பாவின் தோள்கள் இறங்கின. மீன் வறுவலோடு சாப்பிட்டோம். ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்கப் போன அண்ணன், வேறு எதையோ நினைத்துக்கொண்டு, "சார், இன்னும் கொஞ்சம் தெக்க போனா கோடியக்கரை. காட்டுக்குள்ளயே கடலு வரும். மானு கீது, குருதைகூட கீதாம். நானும் பாத்ததில்ல" என்றார். முந்தைய நாள் படகில் ஏறியதிலிருந்து அவருக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டிருந்தது. அத்தை தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அப்பாதான், சரி போகலாம் என்றார்.

வேதாரண்யம் தாண்டியதும் காடு. நாம் படத்தில் பார்க்கிற உயர்ந்த காடு இல்லை. குட்டையாக, முள்ளும் பாலை மரமும் பின்னிக்கொண்டு, உப்புக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்த காடு. இலந்தை வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒரே மூச்சில் வந்தன. புல்வெளி ஒன்று விரிந்த இடத்தில் கறுப்பும் வெள்ளையுமாக, திருகுக் கொம்போடு வெளிமான்கள் தலை தூக்கிப் பார்த்தன. அண்ணன் வண்டியை நிறுத்திய சத்தத்துக்கு ஒன்று துள்ளியது, பிறகு எல்லாம் துள்ளின, தரையே அவற்றைத் தூக்கி எறிவதுபோல். இன்னும் தள்ளி, சேற்று நிலத்தில் குள்ளமான குதிரைகள். யாருடைய குதிரைகளும் இல்லை. சேணம் இல்லை, கயிறு இல்லை. தங்கை போன்ஷூர் என்று கூப்பிட்டாள். ஒரு குட்டி காதைத் திருப்பியது.

கடற்கரையில் பழைய செங்கல் கலங்கரை விளக்கம் ஒன்று இடிந்து நின்றது. சோழர் காலத்தது என்றார்கள். பின்னால் வந்த சுனாமியில் அதுவும் போய்விட்டது. அதன் நிழலில் அம்மா துண்டை விரித்தாள். அண்ணன் தங்கையைத் தோளில் ஏற்றிக்கொண்டு குதிரைகளைப் பார்க்கப் போனார். நான் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அத்தையும் கரையோரம் நின்றார்கள். காற்று அவர்கள் பேச்சை என் பக்கம் கொண்டுவந்தது.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். மாசக்கணக்கா தள்ளிப் போட்டுட்டேன்."

"நீ சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சபையை விட்டு வரப்போற. வா பாப்பா. ஊர் என்ன வேணா பேசட்டும். மாடில ரூம் உனக்காகத்தான் போட்டேன். தனி பாத்ரூம் வச்சு."

நான் நிமிர்ந்தேன். அந்த மாடி அறையை, கிழக்குத் தாம்பரத்துக் கல்லூரிப் பசங்களுக்கு வாடகைக்கு விடத்தான் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். அம்மாவிடமும் அதையே சொல்லியிருந்தார். கட்டி முடித்தும் எவ்வளவோ பேர் கேட்டு வந்தும் ஏன் யாருக்கும் விடவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவருடைய மௌனத்தில் கோபம் இருந்ததே இல்லை. ஒரு ஆசை இருந்திருக்கிறது. தன் தங்கை திரும்பி வந்துவிடுவாள் என்ற ஆசையை வெளியே காட்டினால் அது அவளுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று அடக்கி வைத்திருக்கிறார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வெளிய வரல அண்ணா. இன்னும் உள்ள போறேன். மடகாஸ்கருக்கு அனுப்பறாங்க. ஆப்பிரிக்கா பக்கத்துத் தீவு. விசா வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு மதர் சொன்னாங்க. அடுத்த மாசம் கிளம்பணும். அங்க பிரெஞ்சுதான், வண்டி ஓட்டத் தெரியணும். சொன்னா நீங்க அன்னிக்கே அழ ஆரம்பிச்சிடுவீங்க. நம்ம ஊரை ஒரு தடவை சிரிச்சுக்கிட்டே பாத்துட்டுப் போகலாம்னு நெனச்சேன்."

பத்தொன்பது வயதில் அத்தை மடத்துக்குக் கிளம்பியபோது, அப்பா ஸ்டேஷனுக்கு வந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம். பின்னாளில் அவரே சொன்னது. அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டார்.

"உனக்குப் பிடிச்சுத்தான் போறியா?"

"நானா கேட்டு வாங்கினது அண்ணா."

அப்பா மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. கடைசியில், "அப்ப ரூமை வாடகைக்கு விட்டுட வேண்டியதுதான்" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் நிழலில் இருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

கோடியக்கரைக் கடல் நம் மெரினாக் கடல் இல்லை. அலை இருக்கிறதா என்று தேட வேண்டும். அப்பா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். செருப்பைக் கழற்றி அதன்மேல் கைக்கடிகாரத்தை வைத்தார். அத்தையும் அவரும் தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். நடந்துகொண்டே இருந்தார்கள். அம்மா எவ்வளவோ கூப்பிட்டும் திரும்பவில்லை. பிறகு அவளே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று இறங்கினாள். நானும் ஓடினேன். தங்கையைத் தோளில் வைத்தபடி அண்ணனும் வந்தார். எவ்வளவு தூரம் போயும் தண்ணீர் யாருக்கும் முழங்காலைத் தாண்டவில்லை. காலைச் சுற்றிப் பொடி மீன்கள் மின்னின. திரும்பிப் பார்த்தால் காடு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. வெயில் தாழ்கிற வரைக்கும் யாரும் கரைக்கு வரவில்லை.

அத்தை சொன்னபடியே அடுத்த மாதம் போனார். கோயிலில் அறிவிப்பு வாசித்த அன்று, முன்பு பேசிய அதே பெண்கள் அவர் கையை முத்தமிட்டார்கள். மாடி அறைக்கு முதலில் குடிவந்தது வேன்கார அண்ணனும் அவருடைய புது மனைவியும். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது, எல்லாம் மேலேயிருந்து வரும். மடகாஸ்கரிலிருந்து எப்போதாவது போன் வரும். அங்கேயும் கடல் இருக்கிறதா என்று அப்பா கேட்பார். இருக்கிறது, ஆனால் இன்னும் பார்க்க நேரம் கிடைக்கவில்லை என்பார் அத்தை.

சில வருடம் கழித்து முதல் லீவில் வந்தார். மீனம்பாக்கத்தில் நாங்கள் எல்லோரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். நான் அப்போது கல்லூரியில். அத்தை வெயிலில் கறுத்து, இளைத்து, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா பெட்டியைக்கூட வாங்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

"வடக்க பழவேற்காடு இருக்கு. தெக்க முத்துப்பேட்டைல பிச்சாவரத்தைவிடப் பெரிய காடாம். வண்டிக்குச் சொல்லியாச்சு. எங்க மொதல்ல?" என்றார்.

அத்தை தள்ளுவண்டியை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மொதல்ல வீட்டுக்குப் போய் ரசம் சோறு. அப்புறம் ரெண்டுக்கும்" என்றார்.